ஊதா வாளி அனுப்பாத வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது. திருடுபோனது ஒரே ஒரு சொல். திருடியவள் நான். பறிகொடுத்தவள் ஒரு பல்கலைக்கழக மாணவி. அந்தச் சொல்லை அவள் எனக்குக் கொடுக்கவில்லை. தட்டினாள், பார்த்தாள், அழித்துவிட்டாள். அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன்.

எப்படிப் படித்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இத்தனை நாளாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன். பதினொரு தொடக்கங்கள் எழுதி அடித்தேன். மூன்றை மட்டும் வெட்கமில்லாமல் இங்கே வைக்கிறேன்.

[அடித்தது: அந்த மதியம் மழை வரும்போல இருந்தது. — வரவில்லை. வரும்போலக்கூட இல்லை. கதை என்றால் வானம் கறுத்தே தீரவேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ.]

[அடித்தது: மனித மனம் ஆழம் காண முடியாத — போதும் தாயே, போதும்.]

[அடித்தது: என் பெயர் முக்கியமில்லை. — முக்கியமில்லை என்றால் எதற்கு அதைச் சொல்லிக்கொண்டு?]

பன்னிரண்டாவதுதான் நீங்கள் படித்தது. அதுவும் எனக்குத் திருப்தியில்லை. 'திருட்டு' என்று சொன்னதும் ஏதோ பெரிய சாகசம்போல ஒலிக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

2

வாரத்தில் மூன்று மதியங்கள், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஒரு பல்கலைக்கழகத்தின் இணைய மனநல உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. வந்த சுவடு தெரியாமல் போயும் இருக்கின்றன.

எங்கள் அறை நூலகத்தின் பின்பக்கம். உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த இடத்தைக் காலி செய்து மூன்று மேசை போட்டுக் கொடுத்தார்கள். மேசைகளுக்கு நடுவே அட்டைத் தடுப்பு. சுவரில் நூலகத்தார் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது: 'இங்கே பேசாதீர்கள்.' மனம்விட்டுப் பேசச் சொல்கிற இடத்தில் இப்படி ஒரு தாளா என்று முதல் நாள் சிரித்தேன். ஆனால் நாங்கள் பேசுவதே இல்லை. தட்டுகிறோம், தட்டுகிறார்கள்.

மாணவர்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வந்ததும் கணினியே ஒரு நிறத்தையும் ஒரு பொருளையும் சேர்த்துப் பெயர் வைத்துவிடும். பச்சைச் சீப்பு. வெள்ளைத் திருகாணி. ஒரு வாரத்துக்கு மேல் வராமல் இருந்தால் அடுத்த தடவை புதுப் பெயர். ஒருமுறை சிவப்புத் துடைப்பம் என்று ஒரு பையன் வந்து, தன் துக்கத்தை மறந்து பத்து நிமிடம் அந்தப் பெயரைப் பற்றியே புலம்பினான்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். நாங்கள் தட்டிப் பேசும் இந்தச் செயலியை முதலில் கடைகளுக்காகச் செய்தார்கள். வாடிக்கையாளர் கேள்வியைத் தட்டும்போதே கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். பதிலை முன்கூட்டியே தயார் செய்யலாம். அந்த வசதி எங்களிடமும் அப்படியே வந்துவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் தட்டுவதெல்லாம், அனுப்புவதற்கு முன்பே, எங்கள் திரையின் அடியில் மங்கலான சாம்பல் நிறத்தில் ஓடும். அவர் அழித்தால் அழிவதும் தெரியும். மாணவர்களுக்கு இது தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நான்கு வருடமாக.

எங்கள் பொறுப்பாளர் ஒரு மனநல மருத்துவர். டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த வசதியை அணைக்காமல் வைத்திருந்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது. "உயிரை விட்டுடணும்னு நினைக்கிறவங்க அதை முதல்ல அடிப்பாங்க, அப்புறம் அழிச்சிட்டு 'ஒண்ணுமில்ல'ன்னு அனுப்புவாங்க. அந்த அழிச்ச வரியில ஒருத்தரப் பிடிச்சாக்கூடப் போதும்" என்பார். பிடித்தும் இருக்கிறோம். இருவரை எனக்கே தெரியும். அதற்கு ஒரு விதியும் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்: சாம்பலைப் படி, சாம்பலுக்குப் பதில் சொல்லாதே.

(இங்கேயே உங்களுக்குக் கதை புரிந்திருக்கும். புரியட்டும். நான் எதையும் ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டப்போவதில்லை. ஒன்றைத் தவிர. அதையும் கடைசியில் காட்டமாட்டேன்.)

3

அவளுக்குக் கிடைத்த பெயர் ஊதா வாளி.

"வாளியா? சரி. காலியாத்தான் இருக்கேன்" என்பதுதான் அவள் எனக்கு அனுப்பிய முதல் வரி.

எனக்குப் பிடித்துப்போயிற்று. கஷ்டகாலத்திலும் குசும்பு விடாதவர்களை எனக்குப் பிடிக்கும். அதிலேயே ஒரு ஆபத்து இருந்தது, அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் வருடம். ஆய்வகத்தில் நான்கு பேர் கொண்ட குழுவில் இருந்தாள். முதலில் ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று போகவில்லை. மறுநாள் போக வெட்கமாக இருந்தது. அதற்கு மறுநாள், நேற்றும் போகவில்லையே என்பதற்காகப் போகவில்லை. குழு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. இப்படியே ஒன்பது வாரம். ஆனால் தினமும் பன்னிரண்டரை மணிக்கு அந்த ஆய்வகத்தின் கதவுக்கு வெளியே போய் நிற்பாள். அங்கிருந்துதான் அம்மாவுக்குப் போன் செய்வாள். உள்ளே இயந்திரம் ஓடுகிற சத்தம் போனில் கேட்க வேண்டும். "லேப்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்." அந்த ஒரு வரியைச் சொல்ல இருபது நிமிடம் நடந்து போய், இருபது நிமிடம் நடந்து திரும்புவாள்.

[ஒரு சந்தேகம். இப்படி ஒரு பெண் நம்பும்படி இருக்கிறாளா? என் அக்கா நம்பவில்லை. அக்கா கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிப்பவள். என் கதைகளின் முதல் வாசகியும் அவள்தான். எழுத்துப் பலகைக்கு முன்னால் நோயாளியை உட்காரவைப்பதுபோல என்னை உட்காரவைத்து, "ம், அடுத்த வரி படி" என்பாள். இந்த இடத்தில் நிறுத்தி, "ஒன்பது வாரமா? கூடப் படிக்கிறதுங்க ஒண்ணுகூடவா கேக்கல?" என்றாள். கேட்கவில்லை அக்கா. அதுதான் விஷயமே.]

[இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகம் உண்மையில் ஆய்வகம் அல்ல. மூன்றாம் வருடமும் அல்ல. அவளை நீங்கள் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக வேறு இரண்டு மூன்று பேரின் நடையுடையைச் சேர்த்துப் பிசைந்திருக்கிறேன். அந்தப் போன் மட்டும் அவளுடையது.]

4

மூன்றாவது முறை வந்தபோது அவள் அவசரத்தில் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பரீட்சைக்குப் பதிவு பண்ணணும். வருகை இல்லாததால பண்ண முடியாது. பண்ணலன்னா வீட்டுக்கு லெட்டர் போகும்."

"போனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

சாம்பல் ஓடியது. நான்கு சொற்கள். மூன்று சாதாரணச் சொற்கள், நீங்களும் நானும் தினமும் சொல்வதுதான். நான்காவதும் சாதாரணச் சொல்தான். ஆனால் யாரும் அதை அந்த இடத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. தன்னைப் பற்றி, தன் உயிரைப் பற்றி, அப்படி ஒரு சொல். படித்ததும் பயந்துபோனேன். பயந்த அதே நொடியில், ஆகா என்றும் தோன்றியது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் தோன்றியது.

கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு அனுப்பினாள்: "ஒண்ணும் ஆகாது. அம்மா கொஞ்சம் அழுவாங்க."

இந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். 'இந்த மாதிரி நெருக்கடியில சிலருக்கு உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா?' ஒளிவுமறைவில்லாமல், நேராக. எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். சாம்பலைத் தொடாமலே சாம்பலில் இருப்பதைக் கேட்டுவிடலாம்.

நான் அதைக் கேட்கவில்லை. முந்திரிக்கொட்டைபோல என் கை முந்திக்கொண்டது. அவளுடைய சொல்லையே எடுத்து, "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்பதற்கு முன்னால் வைத்து அனுப்பிவிட்டேன்.

அப்புறம்:

"நான் அதை அனுப்பவே இல்லையே."

அப்புறம்:

"நீங்க பாக்கறீங்களா?"

அப்புறம்:

"அழிச்சதைக்கூடவா?"

நான் 'இல்லை' என்று தட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். என் பக்கம் தட்டுவது அவளுக்குத் தெரியாது. எவ்வளவு வசதி பாருங்கள் எனக்கு.

'ஊதா வாளி உரையாடலிலிருந்து வெளியேறிவிட்டார்.'

5

டாக்டரின் அறைக்கு ஓடினேன். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மூஞ்சியே சரியில்ல?"

"சாம்பலுக்குப் பதில் சொல்லிட்டேன் டாக்டர்."

பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "எந்த மாதிரி சாம்பல்?"

சொன்னேன். நான்கு சொற்களையும் சொன்னேன். என் வாயால் அந்த வரியைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"நாலு வருஷமா இருக்கீங்க. இது எப்படி நடந்துச்சு?"

"அந்தச் சொல் நல்லா இருந்துச்சு டாக்டர்."

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இனிமேலும் யாரும் பார்க்க வேண்டாம்.

மாணவர் யாரென்று கண்டுபிடிக்க ஒரு படிவம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். இருவர் கையெழுத்துப் போட்டால் கணினிப் பிரிவு பெயரையும் அறை எண்ணையும் திறந்துவிடும். படிவத்தில் ஒரு கட்டம்: 'மாணவர் கூறியது.' அந்தக் கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது.

"அவ சொல்லலையே டாக்டர். அழிச்சுட்டா."

"எழுதும்மா. தர்க்கத்தை அப்புறம் வச்சுக்கலாம். பொண்ணு உயிரோட இருந்து நம்மளக் கிழிகிழின்னு கிழிக்கட்டும்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். விடுதிக் காப்பாளர் அம்மாளுக்குப் போன் போனது. அவர் வளாகத்தின் மறுகோடியில் இருந்தார். வந்து, மாடி ஏறி, கதவைத் தட்ட வேண்டும். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னல் கொக்கியை மாட்டினேன், கழற்றினேன். கடவுளே கடவுளே என்று சொன்னேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "கொஞ்சம் சும்மா இரும்மா, எனக்குத் தலை சுத்துது" என்றார் டாக்டர். அவரும் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்தார்.

நாற்பது நிமிடம் கழித்துப் போன் வந்தது. "கதவைத் திறந்துட்டா. துணி மடிச்சிட்டு இருந்தா. ஆளு நல்லாத்தான் இருக்கா."

அப்பாடா என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். நான் அழுதேன்.

மறுநாளிலிருந்து டாக்டர் அவளைத் தினமும் நேரில் பார்த்தார். பதிவுத் தேதியைக் கடிதம் கொடுத்துத் தள்ளிவைத்தார். அவள் சொன்ன நேரத்துக்கு வருவாள், அரைமணி நேரம் உட்காருவாள், வாயைத் திறக்கமாட்டாள். ஒரே ஒரு தடவை, "இருக்கேன்ல? போதுமா?" என்றாளாம்.

"உள்ள இருக்கறத வெளிய சொன்னாத்தான் அதோட கனம் குறையும்" என்றார் டாக்டர் என்னிடம். "இவ இனிமே யார்கிட்டயும் சொல்லமாட்டா. காவலுக்கு ஆள் போடலாம், கதவைத் தட்டலாம், எத்தனை நாளைக்கு? அவ வாயை நாமதான் அடைச்சுட்டோம்."

'நாம' என்றார். பெருந்தன்மை. நான்தான்.

அந்த வாரமே சாம்பலை அணைக்கச் சொல்லிவிட்டார். அணைத்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. நாளைக்கு ஒருவன் தட்டி அழித்துவிட்டு 'ஒண்ணுமில்ல' என்று அனுப்பினால், எங்களுக்கு 'ஒண்ணுமில்ல' மட்டும்தான் வரும்.

6

(இந்தப் பகுதியைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் நான் நல்லவளாகிவிடுவேன். இருக்கட்டும்.)

அவள் வாயே திறக்காத அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கதையை எழுதினேன். அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்து. ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடம் கொடுத்தேன். முடிவு இப்படி இருந்தது:

[முதல் முடிவு: காப்பாளர் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். அறைக்குள் — ]

அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணு நிஜத்துல எப்படி இருக்கா?"

"இருக்கா. பேசமாட்டேங்கறா."

"அப்ப இது என்ன?"

"கதைக்கா."

"ஏண்டி, ஒரு பொண்ணு செத்தாத்தான் உனக்குக் கதை முடியுமா? அவ உயிரோட இருக்கறது உனக்கு இடைஞ்சலா இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. சமாளித்துக்கொண்டு இரண்டாவதை நீட்டினேன்.

[இரண்டாம் முடிவு: ஒரு வருடம் கழித்து, பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, "நான்தான் ஊதா வாளி" என்று சிரித்தாள்.]

"இது விளம்பரம்" என்றாள் அக்கா. "கீழ போன் நம்பர் போட்டுடு."

"அப்ப எப்படித்தான் முடிக்கச் சொல்ற?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே ஊர்ல இருக்கறவங்க அழிச்சதையெல்லாம் படிக்கிறவ."

சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். நான் இரண்டு முடிவுகளையும் கிழித்தேன். தலைப்பையும் கிழித்தேன். அந்தச் சொல்லை எழுதிவைத்திருந்த தாள் இன்னொன்று கைப்பையில் இருந்தது. அதைப் பொடிப்பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் கரைத்தேன். கிழித்தால் மறந்துவிடுமா? மறக்கவில்லை.

7

பதினோராவது நாள், வெள்ளிக்கிழமை, இரண்டு மணி இருபது நிமிடம்.

'பழுப்பு ஏணி உள்ளே வந்திருக்கிறார்.'

"நான்தான். போன தடவை வாளி. இப்ப ஏணி."

தட்டினேன், அழித்தேன், தட்டினேன், அழித்தேன்.

"இன்னும் தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியல. அணைச்சுட்டோம்."

"எப்படி நம்பறது?"

எப்படி நம்புவாள்? 'ஏதாவது தட்டி அழிச்சுப் பாருங்க, எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம். தெரிந்தும் தெரியாததுபோல நடிக்க எவ்வளவு நேரமாகும்? நான்கு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். பார்க்கிறேன் என்பதை நிரூபிக்கலாம். பார்க்கவில்லை என்பதை நிரூபிக்க வழியே இல்லை. அட்டைத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒன்று செய்தேன். எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராதது.

"நம்ப வைக்க என்னால முடியாது" என்று எழுதினேன். "ஆனா நீங்க வந்ததுலேருந்து நான் தட்டி அழிச்சது எல்லாத்தையும் அனுப்பறேன். நான் உங்களோடத பார்த்தேன். நீங்க என்னோடத பாருங்க."

அனுப்பினேன்:

"ஒண்ணு. 'வாங்க, உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி.' பொய். மகிழ்ச்சி இல்ல, பயம்.

ரெண்டு. 'எங்கள் விதிமுறைப்படி அந்த வசதி.' தப்பிக்கப் பார்த்தேன்.

மூணு. 'என்னை மன்னிச்சிடுங்க.' தப்பு பண்ணது நான், மன்னிக்கிற வேலை உங்களுக்கா?

நாலு. 'அந்தச் சொல் ரொம்ப.' அதோட நிறுத்திட்டேன்."

அப்புறம், "நாலாவதை ஏன் முடிக்கல?" என்று வந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எழுத வந்தேன். அப்ப எனக்கு உங்களை விட அந்தச் சொல்தான் பெருசாத் தெரிஞ்சுது. நான் கதை எழுதறவ. அதான் வினை."

"என்னைப் பத்தி எழுதிட்டீங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "எழுதினேன். கிழிச்சுட்டேன்."

"அதுல நான் என்ன ஆனேன்?"

"ரெண்டு முடிவு எழுதினேன். ரெண்டுமே என்னோட ஆசைக்கு எழுதினது. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"ம்" என்றாள். அப்புறம், "எழுதணும்னா எழுதிக்கோங்க. வாளியை மாத்தாதீங்க, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அந்தச் சொல் மட்டும் வேண்டாம்."

"சரி."

"யாருக்கும்."

"யாருக்கும் சொல்லமாட்டேன்."

பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பதினொரு நாள் முன்னால் கேட்டிருக்க வேண்டியதை, என் சொந்தச் சொற்களில். "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா உங்களுக்கு?"

8

'பழுப்பு ஏணி எழுதிக்கொண்டிருக்கிறார்.'

நின்றது. மறுபடி வந்தது. நின்றது. திரையின் அடியில், முன்பு சாம்பல் ஓடிய இடத்தில், வெறும் வெள்ளை. அங்கே அவள் என்ன தட்டுகிறாள், எதை அழிக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. கண் என்னை மீறி அங்கேயே போனது. பழக்கதோஷம். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து மேசைப் பெண் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னாச்சு?" என்று வாயசைத்தாள். தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

[மூன்றாம் முடிவு: அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு — ]

[நான்காம் முடிவு: "ஒண்ணுமில்ல" என்று — ]

பயத்தில் மனம் இப்படித்தான் ஓடியது. உங்களுக்கு இதில் ஒன்று பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம்.

பதினான்கு நிமிடம்.

வந்தது. அவளே தட்டி, அவளே பார்த்து, அவளே அனுப்பியது. இரண்டு முறை திரையைத் தள்ளிப் படிக்கும் அளவுக்கு நீளம். முதல் வரியைப் படித்ததும் எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தேன்.

இவ்வளவு தூரம் என்னோடு வந்த நீங்கள் என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டுவது தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை அவள் எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

கொஞ்சம் வெளியே இருங்கள். நான் அவளுக்குப் பதில் எழுத வேண்டும்.